பால் பைத்தான் ஏழு வாரமா இரை எடுக்கல. மழைக்காலமா, வேற ஏதாவதா?

குலசேகரம்_ரப்பர்காடு:

எல்லாருக்கும் வணக்கம். ஆண் பால் பைத்தான் (ball python, வீட்டுல வளர்க்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), இரண்டரை வயசு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணினது. அக்டோபர் மூணாவது வாரம் கடைசியா ஒரு வெள்ளை எலி எடுத்தது. அதுக்கு முந்தின நாள் எடை 1,140 கிராம். இப்ப டிசம்பர் பிறந்தாச்சு, அந்த இரைக்குப் பிறகு ஏழு வாரமா ஒண்ணும் தொடல. இன்னைக்கு எடை 1,085.

கூடு: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள கண்ணாடித் தொட்டி, மேல கம்பிவலை மூடி. ஒரு ஓரத்துல அடியில ஹீட் மேட் (கரண்டுல சூடாகுற விரிப்பு), நேரா பிளக்குல சொருகியிருக்கு. மேல 60 வாட் குண்டு பல்பு, ராத்திரி மட்டும். கண்ணாடியில ஒட்டின வட்டத் தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டுது. அடியில கதம்பைத் தூள் (தேங்காய் மட்டைத் தூள்) ரெண்டு இஞ்ச் கனத்துக்கு. ஒளிஞ்சுக்க ஒரு பெரிய மண்சட்டி.

நாலு நாளைக்கு ஒருக்கா உயிர் எலி விடுறேன். எலி மேல ஏறி ஓடினாலும் இவன் தலையை உள்ளே இழுத்துக்கிடுதான். சளி, வாயில நுரை எதுவும் இல்ல. வாயைத் திறந்து கோழித் துண்டைத் தள்ளச் சொல்லி கடையில ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

வேளிமலை_ஊர்வன:

கோழித் துண்டைத் தள்ளாதீங்க தம்பி. எலும்பு, ஈரல், குடல் இல்லாத சதைத் துண்டு பாம்புக்கு முழு இரை ஆகாது, சுண்ணாம்புச் சத்தே கிடைக்காது. வாயைப் பலவந்தமா திறக்கும்போது ஊசிப் பல்லு முறியும், ஈறு கிழியும். அந்த இடத்துல சீழ் பிடிச்சா இப்ப இல்லாத நோயை நாமளே உண்டாக்கினதா ஆகும்.

முதல்ல எடைக் கணக்கைப் பாருங்க. 1,140-ல இருந்து 1,085. குறைஞ்சது 55 கிராம், அஞ்சு சதவீதத்துக்கும் கீழ. அதுலயும் ஒரு தடவை மலமும் வெள்ளைக் கட்டியும் (பாம்போட சிறுநீர்) போனாலே இருபது முப்பது கிராம் இறங்கிரும். வளர்ந்த ஆண் பால் பைத்தானுக்கு இது பயப்படுற அளவு இல்ல. உங்க பாம்புக்கு எச்சரிக்கைக் கோடு 1,026 கிராம், அதாவது பத்து சதவீதம். அதைத் தொட்டா, இல்ல எடை சரியா இருந்தும் வேற அறிகுறி வந்தா, மருத்துவர். அது வரைக்கும் வாரத்தை எண்ணாதீங்க, கிராமை எண்ணுங்க. சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டணும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவை வச்சு பூச்சியம் ஆக்கிட்டு, வாரம் ஒரே நாள், ஒரே நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க.

இனி சூடு. நீங்க எழுதினதுலயே கோளாறு அங்கதான் இருக்குன்னு தோணுது. கண்ணாடியில ஒட்டின வட்டத் தெர்மாமீட்டர் காட்டுறது பாம்பு வயிறு படுற இடத்துச் சூடு இல்ல, அது ஒட்டியிருக்கிற உயரத்துல உள்ள காத்துச் சூடு. அந்த முள்ளும் ரெண்டு மூணு டிகிரி பொய் சொல்லும். தரையில முனை படுற ஒயர் வச்ச டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு சூட்டுப் பக்கம், ஒண்ணு குளிர்ப் பக்கம் வைங்க. வேண்டியது இதுதான்: சூட்டுப் பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ப் பக்கம் 25 முதல் 27, விடியக்காலையிலும் எங்கயும் 24-க்குக் கீழ போகக் கூடாது.

பாம்புக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது. இரையைச் செரிக்கிற சூடு வெளியில இருந்துதான் வரணும். வயிறு குளிர்ந்து கிடந்தா விழுங்கின எலி செரிக்காம உள்ளயே அழுகும், நாலாம் நாள் நாத்தத்தோட கக்கும். அதனால சூடு போதாத பாம்பு இரையை வேண்டாம்னு விடுறது குறும்பு இல்ல, தன்னைக் காத்துக்கிற வழி. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில ராப்பகலா மழை பெஞ்சா ஓட்டு வீட்டுல விடியக்காலை 22, 23-க்கு இறங்கும். கம்பிவலை மூடி வழியா தொட்டிச் சூடு அத்தனையும் மேல போயிரும்.

ஹீட் மேட்டை நேரா பிளக்குல சொருகுறது இன்னைக்கே நிக்கணும். தெர்மோஸ்டாட் (சூடு ஏறினா தானா அணைக்கிற கருவி) இல்லாத மேட் வயித்தைப் பொசுக்கும். கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டருக்கு வாங்குற எஸ்.டி.சி.-1000 தெர்மோஸ்டாட் போதும். அதுல ஹீட்டிங், கூலிங்னு ரெண்டு ரிலே (தானா இயங்குற சுவிட்ச்) இருக்கும். மேட்டை ஹீட்டிங் பக்கம் மட்டும் இணைங்க. செட்டிங்குல எஃப்1-ல (வேண்டிய சூடு) 32, எஃப்2-ல (எவ்வளவு இறங்கினா மறுபடி எரியணும்) 0.5 வைங்க. எஃப்4-ல அளவைத் திருத்தலாம், வேற நல்ல மீட்டரோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தொடுங்க. 220 வோல்ட் ஒயர் திறந்து கிடக்கும், எலக்ட்ரீசியன் கையால ஒரு பெட்டிக்குள்ள போட்டு வாங்குங்க.

பல்பைப் பத்தி: பால் பைத்தான் ராத்திரி நடமாடுற உயிர். இரை தேடுற நேரத்துல தலைக்கு மேல வெளிச்சம் எரிஞ்சா எப்படி வெளிய வரும்? நீங்க கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. ராச்சூடு வேணும்னா வெளிச்சம் இல்லாத சிராமிக் ஹீட்டர், பீங்கான் ஹோல்டரில. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். கம்பிக்கூடு போட்டு மூடுங்க, பாம்பு போய்ச் சுத்திக்கிடும். அதுக்கும் தெர்மோஸ்டாட் வேணும்.

தோவாளை_பிச்சி:

மேல சொன்னதோட ஒண்ணைச் சேர்க்குதேன், ஒரு இடத்துல மாறுபடவும் செய்யுதேன். தெர்மோஸ்டாட்டு முனையை கதம்பைத் தூளுக்கு மேல வச்சு 32-னு போட்டுராதிய. ரெண்டு இஞ்ச் கதம்பைத் தூளு நல்ல கம்பளி மாதிரி. மேட்டுச் சூடு மேல ஏறாது. மேல 27 காட்டும், மேட்டு விடாம எரியும், அடியில கண்ணாடி 40-ஐத் தாண்டும். பாம்பு சூடு தேடித் தூளைத் தோண்டி அடிக்குப் போகும், வயித்துச் செதில் வெந்து போவும். மேட்டு இருக்கிற பக்கம் தூளை ஒரு செ.மீ.-க்குக் குறைச்சிருங்க, முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல டேப் போட்டு ஒட்டுங்க. பெறவு உள்ள தரையை அளந்து பார்த்து 32 வர்ற மாதிரி செட்டிங்கைக் கூட்டிக் குறைச்சுக்கிடலாம்.

கதம்பையைப் பத்தியும் ஒரு வார்த்தை. காயல்ல ஊறப் போட்ட கதம்பையில அடிச்ச தூளுன்னா உப்பு இருக்கும். மூணு தண்ணியில அலசி, பிழிஞ்சு, மட்டுப்பாவுல (மொட்டை மாடியில) நல்லா காய வச்சுத்தான் போடணும். காயாத தூளுல பூஞ்சைக்காளான் வரும். மழை மாசத்துல உங்க பக்கம் காத்துலயே ஈரம் போதும், ஸ்பிரேயரைத் தொடாதிய. ஈரப்பதம் 55-60 இருந்தா சரி, தோலுரிக்க வர்றப்ப 70 வரைக்கும் போலாம். தரை சொதசொதன்னு இருந்தா வயித்துச் செதில் பழுப்பாகிப் புண்ணாகும், புண்ணுள்ள பாம்பும் திங்காது. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆடிக்காத்துல கதை நேர் எதிர். அங்க காத்தே ஈரத்தை உறிஞ்சிரும், தோலு துண்டு துண்டாத்தான் உரியும். ஒரே குமரி ஜில்லா, ஆனா ரெண்டு ஊருக்கு ஒரே வைத்தியம் ஆவாது.

மண்சட்டி பெருசுன்னு சொல்லுதிய. அதுதான் தப்பு. ஒளியிற இடத்துல சுருண்டா ரெண்டு விலாவும் சுவரைத் தொடணும், அப்பத்தான் அதுக்குத் தைரியம். சின்னச் சட்டி ரெண்டு வாங்கிக் கவுத்துங்க, வாய்ப்பக்கம் ஆறேழு செ.மீ. அகலத்துக்கு ஓடு தட்டி எடுங்க, அந்த விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ங்க. ஒண்ணு சூட்டுப் பக்கம், ஒண்ணு குளிர்ப் பக்கம். ஒண்ணே ஒண்ணு இருந்தா பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் மாத்தி மாத்தித் தேர்வு செய்யணும். பாதுகாப்பைத்தான் எடுக்கும். கண்ணாடி மூணு பக்கமும் கறுப்புச் சார்ட் ஒட்டிருங்க.

குழித்துறை_ஆற்றங்கரை:

ஆண், ஆயிரம் கிராமுக்கு மேல, கார்த்திகை மாசம். இந்த மூணையும் சேர்த்து வாசிச்சா பாதி பதில் கிடைச்சிரும். மேற்கு ஆப்பிரிக்காவுல (கானா, டோகோ, பெனின்) பிறந்த இனம், வளர்ந்த ஆண் இணைசேருற பருவத்துல இரையை மறந்துரும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரைக்கும் இழுக்கலாம். கூட்டுக்குள்ள ராத்திரி முழுக்க அங்குமிங்கும் அலைஞ்சுக்கிட்டு, எடை இறங்காம இருந்தா இதுவாத்தான் இருக்கும். சுருண்டு ஒடுங்கிக் கிடந்தா சூட்டையும் மறைவையும் பாருங்க.

இன்னொண்ணு, கண்ணு நீலம் பூத்துப் புகை மூடின மாதிரி இருக்கா? வயிறு இளஞ்சிவப்பா? அப்படின்னா தோலுரிக்கப் போகுது. அந்த ஒரு வாரம் பத்து நாள் இரையே காட்டாதீங்க. உரிஞ்ச தோலை எடுத்து கண்ணு மேல இருந்த தோலும் வால் நுனியும் முழுசா வந்திருக்கான்னு பார்த்துட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கொடுங்க. அப்ப எடுக்குற பாம்பு நிறைய.

சுங்கான்கடை_சட்டி:

இரை கொடுக்கிற முறையைப் பத்தி யாரும் எழுதல, நான் எழுதுறேன்.

நாலு நாளைக்கு ஒருக்கா காட்டுறது ரொம்ப அதிகம். மறுத்த பாம்புக்குத் திரும்பத் திரும்ப எலியைக் காட்டினா, எலின்னாலே தொல்லைன்னு அது முடிவு பண்ணிரும். பத்து நாளைக்கு ஒரு தடவை. இந்த எடை உள்ள வளர்ந்த பாம்புக்கு இரை உடல் எடையில 5 முதல் 7 சதவீதம், அதாவது 55 முதல் 75 கிராம். பார்வைக்கு, பாம்போட தடிச்ச இடத்தை விட எலி தடியா இருக்கக் கூடாது. கடையில சின்னது இல்லைன்னு 150 கிராம் எலியைத் தந்தா வாங்காதீங்க.

உயிர் எலியை உள்ள விட்டுட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போறது ஆகாது. பசிச்ச எலி பாம்பைக் கடிக்கும், முதுகெலும்பு தெரியுற அளவுக்குக் கூடக் கடிச்சுத் தின்னும். ஒரு தடவை கடிபட்ட பாம்பு அப்புறம் எலியைப் பார்த்தாலே தலையை இழுக்கும். உங்க பாம்பு தலையை உள்ளே இழுக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால அதோட மூக்கு, தலை, முதுகு ஓரம் வெளிச்சத்துல ஒரு தடவை நல்லாப் பாருங்க. சின்னக் கீறல் இருந்தாலும் உயிர் எலியை நிறுத்திருங்க.

உறைய வச்ச எலிக்கு மாத்துறதுதான் நல்லது. ஃபிரீசர்ல இருந்து எடுத்து, ஜிப் கவர்ல போட்டு, ஃபிரிட்ஜ் கீழ்த் தட்டுல ஒரு ராத்திரி வைங்க. மறுநாள் சாயந்தரம் கவரோட 40 டிகிரி வெந்நீர்ல பதினஞ்சு நிமிஷம் முக்குங்க. வயித்தை அமுக்கிப் பாருங்க, உள்ள கட்டியா இருந்தா இன்னும் உருகல. கொதிக்கிற தண்ணியில போட்டா வயிறு வெடிக்கும், மைக்ரோவேவ்ல போட்டா ஒரு பக்கம் வேகும். தோலை ஈரம் போகத் துடைச்சு, தலையை மட்டும் மறுபடி சூடாக்குங்க, தொட்டா நம்ம உடம்புச் சூடு இருக்கணும். பால் பைத்தான் மேலுதட்டுல உள்ள குழிகளால சூட்டைப் பார்க்கிற பாம்பு, ஆறின எலி அதுக்கு ஒரு கட்டைதான். ஒரு மறைவை விட்டு மூக்கை நீட்டுற நேரம், ஏழு எட்டு மணிக்கு மேல, விளக்கை அணைச்சு, அரை அடிக்கு மேல நீளமுள்ள இடுக்கியால எலியை வால் அடியில பிடிச்சு, முகத்துக்கு நேரா குத்தாம, பக்கவாட்டுல மெதுவா நடக்க வைங்க. அஞ்சு நிமிஷம் பார்க்கலைன்னா அந்த மறைவு வாசல்ல வச்சுட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால மூடி விட்டுருங்க. காலையில இருந்தா எடுத்து எறியுங்க, மறுபடி உறைய வைக்காதீங்க.

தென்னந்தோப்பு எலி, வீட்டு எலி எதையும் கொடுக்காதீங்க. ஊர்ல நிறையத் தோப்புல புரோமாடியோலோன் எலி விஷக் கட்டி போட்டிருக்காங்க. விஷம் தின்ன எலி ரெண்டு மூணு நாள் நடமாடும், பிடிச்சுக் கொடுத்தா பாம்புக்கு உள்ளே ரத்தம் கசியும். அதைவிட மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் உங்களுக்கே வரும். வெளி எலியைக் கையால தொடாதீங்க.

கன்னியாகுமரி_கார்ன்:

இடையில ஒரு கேள்வி. கார்ன் ஸ்னேக் (வீட்டுல வளர்க்கிற விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) குட்டி, 7 கிராம். முதல் தோல் உரிஞ்சு மூணு வாரம் ஆச்சு, பிங்கி எலியை (ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை) முகர்ந்து பார்த்துட்டுப் போகுது. இதையும் பத்து நாள் விட்டுப் பார்க்கலாமா?

வேளிமலை_ஊர்வன:

குட்டிக்கு அந்தப் பொறுமை ஆகாது. கையிருப்பு கொழுப்பு கொஞ்சம்தான், அஞ்சு நாளைக்கு ஒரு முறை முயற்சி பண்ணணும். குட்டியை ஓட்டை போட்ட சின்ன டப்பாவுல, ஒரு டிஷ்யூ தாளோட, பிங்கியோட சேர்த்து ராத்திரி முழுக்க வச்சு மூடுங்க. பெரிய கூட்டுல இரையைத் தேடிப் போற தைரியம் அதுக்கு இல்ல. எடுக்கலைன்னா பிங்கியை வாசனை இல்லாத சோப்பு போட்டு நல்லா அலசி, துடைச்சுக் கொடுங்க. அதுக்கும் மசியலைன்னா, செத்த பிங்கியோட மண்டையை ஊசியால கொஞ்சம் குத்தி மூளை நீர் வெளிய தெரியுற மாதிரி வைங்க. வாசனைக்குப் பல குட்டிகள் வாய் வைக்கும். வீட்டுப் பல்லி உதிர்த்த வாலைப் பிங்கி மேல தேய்க்கிறதும் வேலை செய்யும், ஆனா பல்லியில ஒட்டுண்ணி இருக்கும், அதனால அது கடைசி வழி. நாலு முயற்சிக்கும் எடுக்காம 6 கிராமுக்கு இறங்கினா மருத்துவர்கிட்ட போயிருங்க.

தக்கலை_செதில்:

உடம்புல கோளாறு இருக்கான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு எழுதுறேன். பாம்பைக் கையில எடுத்து, மூச்சைக் கேளுங்க. விசில், கிளிக் கிளிக்னு சத்தம், மூக்குல குமிழி, வாயைத் திறந்து மூச்சு, தலையை நிமிர்த்தி மேல பார்த்துக்கிட்டே இருக்கிறது, இதெல்லாம் மூச்சுக்குழல் நோய். மழைக் குளிர்ல இதுதான் முதல்ல வரும். உதட்டோரத்தை ஒரு அட்டை முனையால லேசா விலக்குங்க. உள்ளே வெளிறின இளஞ்சிவப்பா இருக்கணும். சிவப்புப் புள்ளி, தயிர்க்கட்டி மாதிரி வெள்ளை, ஒட்டும் எச்சில் இருந்தா வாய்ப்புண். தண்ணிக் கிண்ணத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி மிதந்தா உண்ணி. தாடை மடிப்பையும் கண் ஓரத்தையும் பாருங்க. நாயுண்ணி மருந்தை அப்படியே தெளிக்காதீங்க, பாம்பு நரம்பு இழுத்துச் சாகும்.

பின்பகுதியில கெட்டியா ஒரு கட்டி தட்டுப்பட்டா மலச்சிக்கலா இருக்கலாம். 28 முதல் 30 டிகிரி தண்ணி, வயிறு மூழ்குற அளவு மட்டும், இருபது நிமிஷம், பக்கத்துலயே இருங்க. நடு உடம்பு வீங்கி, தின்னதைக் கக்கிக்கிட்டே இருந்தா கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி இருக்கு, கார்ன்ல அதிகம். சாதாரண மலப் பரிசோதனையில தப்பிரும், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

மருத்துவர்னா, ஊர்வன பார்க்கிறவரான்னு முதல்ல போன்ல கேட்டுட்டுப் போங்க. திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. குமரி மேற்குத் தாலுகாவுல உள்ளவங்களுக்குத் திருவனந்தபுரம் கிட்ட. பாம்பைத் தலையணை உறையில போட்டு முடிஞ்சு, ஓட்டை உள்ள டப்பாவுல வைங்க. புது மலத்தைச் சுத்தமான டப்பாவுல எடுத்து, ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு (ஃபிரீசர் வேண்டாம்), ஒரு நாளைக்குள்ள கொண்டு போங்க. எடை எழுதின நோட்டையும்.

கூடவே ஒண்ணு, இந்த இழையை வாசிக்கிற பசங்களுக்கு. நம்ம ஊர் மலைப்பாம்பு, மண்ணுளி எதையும் "இரை எடுக்கல, காப்பாத்தலாம்"னு வீட்டுல வைக்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லுங்க. வெளிநாட்டு இனத்துல பால் பைத்தான் சைட்டீஸ் (காட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அதனால பரிவேஷ் பதிவு கட்டாயம்.

குலசேகரம்_ரப்பர்காடு:

நன்றி அண்ணன்மாரே. ஒயர் மீட்டர் வாங்கி விடியக்காலை அஞ்சு மணிக்குப் பார்த்தேன். தூளுக்கு மேல 26.8, தூளைத் தோண்டி கண்ணாடியில வச்சா 43. குளிர்ப் பக்கம் 22.5. வயித்துல சிவப்புத் தழும்பு எதுவும் இல்ல. மூக்கு நுனியில மட்டும் ஒரு பழைய கீறல், ஆறிக்கிட்டிருக்கு. கண்ணு தெளிவு. தெர்மோஸ்டாட் நாளைக்கு வருது. எங்க ஊர்ல மழைக்குக் கரண்டு போச்சுன்னா மூணு மணி நேரம் வராது, அதுக்கு என்ன செய்ய?

தோவாளை_பிச்சி:

பார்த்தியளா, மேல 26.8, அடியில 43. காரணம் கிட்டிருச்சு. மூக்குக் கீறல் எலிக்கடியா, மூடி வலையில உரசினதான்னு சொல்ல முடியல. ரெண்டுக்கும் உயிர் எலியை நிறுத்துங்க, வலைக்கு மேல முக்கால் பாகத்தை தெர்மோகோல் பலகையால மூடுங்க. சிராமிக் ஹீட்டர் போடுத இடத்துலயும் அதைச் சுத்தி ஒரு சாணுக்கும் மட்டும் போடாதிய, தீப்பிடிக்கும். பின்னாலயும் பக்கத்துலயும் வெளிப்புறமா தெர்மோகோல் ஒட்டினா குளிர்ப் பக்கம் ரெண்டு டிகிரி ஏறிரும்.

கரண்டு போனா, மேட்டை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. அது இருபது வாட்டுக்குள்ளதான் இழுக்கும், ஃபேன் இழுக்கிறதை விடக் குறைவு. சிராமிக்கை அதுல போடாதிய, பாட்டரியைத் தின்னுரும். இன்வெர்ட்டர் இல்லைன்னா ஒரு லிட்டர் பாட்டில்ல கை பொறுக்கிற வெந்நீர் ஊத்தி, பழைய துண்டுல ரெண்டு சுத்து சுத்தி, சூட்டுச் சட்டிக்கு வெளிய சாய்ச்சு வைங்க. தொட்டி மேல கம்பளி போடுங்க, ஒரு மூலையில மூச்சுக்கு இடம் விட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா தண்ணியை மாத்தினா போதும்.

சுங்கான்கடை_சட்டி:

சூடு சரியானதும் உடனே எலியைக் காட்டாதீங்க தம்பி. மூணு ராத்திரி தொடர்ந்து விடியக்காலை அளவு சரியா வந்த பிறகு ஒரு வாரம் கையே வைக்காதீங்க, தண்ணி மாத்துறதும் மலம் எடுக்கிறதும் மட்டும். அதுக்கப்புறம் முதல் இரை சின்னது, 40 கிராம். ஏழு வாரம் சும்மா கிடந்த குடலுக்கு முழு எலி சுமை. எடுத்தா ரெண்டு நாள் தொடாதீங்க. கக்காம மலம் போச்சுன்னா அடுத்தது 55, பிறகு வழக்கம் போல. கக்கிட்டா மட்டும் கணக்கு மாறும்: பதினாலு நாள் முழுப் பட்டினி, தண்ணி மட்டும், அப்புறம் 20 கிராமுக்கு மேல போகாத எலி. அதையும் கக்கினா அந்தக் கக்கலையே கவர்ல போட்டுக் கொண்டு போய் மருத்துவர்கிட்ட காட்டுங்க.